மலம்புழா பூங்காவைப் புதுப்பிப்பவர்களுக்கு: வாசல் கடைகளையும் வரைபடத்தில் சேருங்கள்

மலம்புழா அணைப் பூங்காவைப் பராமரிக்கும் நீர்ப்பாசனத் துறை அதிகாரிகளுக்கும், சுற்றுலாத் துறையினருக்கும், புதிய வரைபடங்களைத் தயாரிக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும் வணக்கம்.

நான் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரன். தமிழ் வழி வகுப்புகள் உள்ள பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கம் வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டில் இருப்பது மலையாளம். இரண்டுமே எங்களுக்குச் சொந்தம்தான். ஆனாலும் இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். வாளையார் வழியாகவும் கோபாலபுரம் வழியாகவும் வேன் பிடித்து மலம்புழாவுக்கு வருகிற கோவை, பொள்ளாச்சி, உடுமலை, திருப்பூர்க் குடும்பங்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அந்தப் பூங்காவின் வாசலில் நின்று பேரம் பேசி வளர்ந்தவர்கள் அவர்களும்தான். உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பும் படியுடன் மலையாளத்திலும் எழுதிச் சேர்த்திருக்கிறேன்.

மத்திய அரசின் சுற்றுலா மேம்பாட்டுத் திட்டமான சுவதேஷ் தர்ஷன் 2.0இல் மலம்புழாவுக்கு 75 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள் என்ற செய்தி எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம் தந்தது. தேவையான பணம் அது. நடைபாதைகள் சீராக வேண்டும், சக்கர நாற்காலியில் வருபவர் அணைமேட்டின் அடிவாரம் வரை தடையில்லாமல் போக வேண்டும், குடிதண்ணீரும் கழிப்பறையும் நன்றாக இருக்க வேண்டும். இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் கேட்க வந்தது, பெரிய வரைபடத்தில் ஒரு சிறு கட்டமாகக்கூட விழாத விஷயங்களைப் பற்றி. வாசலுக்கு வெளியே இருக்கும் ஞாபகப் பொருள் கடைகள், அவற்றின் மேல் கையால் எழுதிய பலகைகள், பூங்காவின் சிமெண்ட் பெஞ்சுகள், மிருக வடிவக் குப்பைத் தொட்டிகள், டிக்கெட் கொடுக்கும் ஜன்னல். இவற்றுக்குப் பதிலாக ஒரே அச்சில் வார்த்த ஸ்டீல் கூண்டுகளை வைக்கும் யோசனை எங்காவது ஒரு கோப்பில் இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

இந்த அணையின் வேலை 1949இல் தொடங்கியது. 1955 அக்டோபரில் அன்றைய முதலமைச்சர் காமராஜர் திறந்து வைத்தார். அப்போது மலபார் மாவட்டம் சென்னை மாநிலத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி கேரளம் பிறந்த பிறகு எல்லைக்கோடு வாளையாருக்கு வந்துவிட்டது. அணை கட்டியது பாலக்காட்டு வயலுக்குத் தண்ணீர் தர. அதன் காலடியில் பூங்கா வந்ததும், மைசூர்ப் பக்கத்துப் பிருந்தாவனத்தை நினைத்து 'கேரளத்தின் பிருந்தாவனம்' என்று ஜனங்கள் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அதே 1955இல், ஜூலை 17ஆம் தேதி, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அனஹைம் என்ற ஊரில் டிஸ்னிலாந்து திறந்தது. மூன்று மாத இடைவெளிதான். ஒன்று நெல்லுக்காகக் கட்டியது, மற்றது கேளிக்கைக்காகக் கட்டியது. நோக்கத்தில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இரண்டிலும் ஒரு வாசல், வாசலில் கடைகள், கடையிலிருந்து வீட்டுக்குப் போகிற ஒரு பொருள் உண்டு. அங்கே பழைய டிக்கெட், பழைய வரைபடம், தள்ளுவண்டியின் சக்கரத்துக்கு அடித்த நிறம் என்று ஒவ்வொன்றையும் தேடிச் சேர்க்கிறார்கள், ஏலத்தில் எடுக்கிறார்கள், புத்தகம் போடுகிறார்கள். நம் மலம்புழாவின் கடைகளை முறையாகப் படமெடுத்து அளவெடுத்துத் தொகுத்த ஒன்றையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

அந்தக் கடைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இளம் ஆசிரியனாக நான் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போன காலத்தில் பார்த்தவை மரச் சட்டத்தில் தகரம் அடித்த பெட்டிக் கடைகள். முன்பக்கம் இரண்டு பாதியாகப் பிரியும். மேல் பாதியைத் தூக்கி ஒரு கம்பு முட்டுக் கொடுத்தால் அதுவே வெயில் மறைப்பு. கீழ்ப் பாதியைச் சங்கிலியில் இறக்கிவிட்டால் அதுவே சாமான் பரப்பும் மேசை. ராத்திரி இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் கடை ஒரு பெட்டியாகிவிடும். தனிக் கதவு வேண்டாம், தனி மேசை வேண்டாம், தனிக் கூரை நீட்டமும் வேண்டாம். இரண்டு பலகையில் மூன்று வேலையை முடித்த அந்த ஆசாரி யாரென்று யாருக்கும் தெரியாது. ஓவிய வகுப்பில் வடிவமைப்பு என்றால் என்னவென்று சொல்லித்தர நான் அந்தக் கடையைத்தான் கரும்பலகையில் வரைவேன்.

கூரை விளிம்பில் தகரத்தை அரைவட்டம் அரைவட்டமாக வெட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பார்ப்பவர்களுக்கு அது அலங்காரம். கடைக்காரருக்கு அதில் வேலையும் இருந்தது. மழைத் தண்ணீர் தகரத்தின் அடிப்பக்கமாக ஊர்ந்து உள்ளே வராமல் ஒவ்வொரு வளைவின் கீழ்முனையிலும் சேர்ந்து வெளியே சொட்டும். ஜூன் மாதத்தில் பாலக்காட்டு மழையைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும். அட்டையில் குத்திய கீ செயினும் பட அட்டையும் அந்த மழையிலும் நனையாமல் இருந்தன.

சாமான்களைத் தொங்கவிடுவதிலும் ஒரு கணக்கு இருந்தது. மேல் வரிசையில் பெரியவர்களுக்கான சிரட்டைக் கரண்டி, மரச் சீப்பு, மூங்கில் பேனா ஸ்டாண்டு. நடுவில் பாசிமணி மாலை, வளையல், பெயர் எழுதிய கீ செயின். கீழே, ஐந்து வயதுப் பிள்ளையின் கண் மட்டத்தில், விசில், கிலுகிலுப்பை, காகிதக் காற்றாடி, அப்புறம் கண்ணில் வைத்துப் பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு படமாக மாறுகிற அந்தச் சின்ன பிளாஸ்டிக் கேமரா. அதற்குள் மலம்புழா இருக்காது. தாஜ்மஹாலும் குதுப்மினாரும்தான் இருக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பலர் தாஜ்மஹாலை முதன்முதலாகப் பார்த்தது மலம்புழா வாசலில்தான்.

பலகைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். மலையாளம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று எழுத்தையும் ஒரே பெயிண்டர் எழுதியிருப்பார். மலையாள எழுத்தின் வளைவுக்குப் பழகிய கை, தமிழை எழுதும்போதும் மூலைகளை உருட்டிவிடும். மஞ்சள் எழுத்து, வலது பக்கம் சரிந்த சிவப்பு நிழல், சுற்றிலும் மெல்லிய வெள்ளைக் கோடு. 'மலம்புழா' என்று எழுதும்போது ழகரத்தின் வாலை இழுத்து, பெயர் முழுவதற்கும் அடிக்கோடாக ஓட்டிய ஒரு பலகையை நான் நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். கோவையிலோ பாலக்காட்டு நகரத்திலோ அப்படி ஒரு எழுத்தை நான் பார்த்ததில்லை. எல்லைப் பகுதியில் இரண்டு லிபியும் ஒரே தூரிகைக்குள் போய்வந்ததால் பிறந்த எழுத்து அது. வினைல் பேனர் வந்த பிறகு அந்தக் கைகளுக்கு வேலை குறைந்துவிட்டது. இருக்கிற ஒன்றிரண்டு பலகைகளையாவது குப்பை லாரியில் ஏற்றிவிடாதீர்கள்.

அரிசி மணியில் பெயர் எழுதித் தருபவரையும், செம்புக் கம்பியை வளைத்துக் கண்முன்னால் பெயர் செய்து தருபவரையும், கண்ணாடிப் பரணிகளில் உப்பிலிட்ட நெல்லிக்காயும் மாங்காயும் அடுக்கியவரையும் உங்களில் பாதிப் பேர் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள். மடித்து ஒட்டிய பட அட்டைகளும் உண்டு. ஓரத்தைப் பிடித்து உதறினால் மதகு திறந்த அணை, பூப்பாத்திகள், தொங்குபாலம், யட்சி சிலை என்று கை நீளத்துக்கு விரியும். ஒரு குடும்பம் வாங்கினால் தெருவே பார்க்கும்.

இனி பூங்காவுக்குள் வருகிறேன். முயல், பெங்குவின் வடிவத்தில் வாயைத் திறந்து, வயிற்றில் 'யூஸ் மீ' என்று எழுதி நிற்கிற குப்பைத் தொட்டிகள் நம் நாட்டுப் பூங்காக்களில் ஒரு தலைமுறையையே வளர்த்தன. இப்போது அவற்றைப் பார்த்தால் பழைய பாணி என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். நெதர்லாந்தில் எஃப்டெலிங் என்றொரு பூங்கா இருக்கிறது. 1952இல் திறந்தது. அன்டன் பீக் என்ற ஓவியர் அதன் கதைக்காட்டை வரைந்தவர். அங்கே 1959இல் ஒரு குப்பைத் தொட்டி வைத்தார்கள். எவ்வளவு தின்றாலும் பசி அடங்காத குண்டன் ஒருவனைப் பற்றி டச்சுக் குழந்தைகள் பாடும் பாட்டு உண்டு. அவன் தலைதான் தொட்டி. வாயைத் திறந்துகொண்டு 'காகிதம் இங்கே' என்று அவர்கள் மொழியில் கூப்பிடுவான். காகிதத்தைக் கிட்டே கொண்டுபோனால் காற்றால் இழுத்துக்கொண்டு நன்றி சொல்வான். குழந்தைகள் தரையில் காகிதம் தேடி அலைவார்கள், அவனுக்கு ஊட்டுவதற்காக. அறுபது வருஷம் கடந்தும் அந்தப் பூங்காவில் அவன் வாரிசுகள் பல இடங்களில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அவனை மாற்றவில்லை, பெருக்கினார்கள். நம் முயலும் அதே யோசனையில் பிறந்ததுதான். பெயிண்ட் அடித்து, உள்ளே எடுத்துக் கழுவக்கூடிய வாளி வைத்து, மக்கும் குப்பைக்கு முயல், மக்காத குப்பைக்குப் பெங்குவின் என்று பிரித்துக் கொடுத்தால் இன்றைக்கும் அவை வேலை செய்யும்.

டிஸ்னிலாந்தில் ஒவ்வொரு பகுதியின் குப்பைத் தொட்டிக்கும் அந்தப் பகுதிக்குப் பொருந்துகிற தனி நிறமும் தனிச் சித்திரமும் கொடுத்திருக்கிறார்கள். வாசல் தெருக் கட்டடங்களின் மாடிகளைக் கீழ்த்தளத்தைவிடச் சின்ன அளவில் கட்டி, உயரமான தெரு என்ற எண்ணத்தைக் கண்ணுக்குத் தந்திருக்கிறார்கள். 1958இலிருந்து பூங்கா முழுவதையும் கையால் வரைந்த பெரிய வரைபடத்தைச் சுவரில் மாட்டுவதற்காக விற்றார்கள். முதலாவதை வரைந்தவர் சாம் மெக்கிம். காது வைத்த கறுப்புத் தொப்பியின் பின்பக்கம் வாங்குபவரின் பெயரைத் தைத்துக் கொடுத்தார்கள். சவாரிகள் அங்கே வந்தன, போயின. அந்தத் தொப்பி போகவில்லை. தொப்பியில் பிள்ளையின் பெயர் இருந்ததுதான் அதற்குக் காரணம் என்று நான் நம்புகிறேன். நம் அரிசி மணிக்காரர் செய்ததும் அதே வேலைதான்.

உங்களுக்கு மிகவும் உபயோகப்படும் என்று நான் நினைக்கிற உதாரணம் புளோரிடாவில் நடந்தது. 1970இல் அந்த மாநிலத்தின் ஆரஞ்சு, எலுமிச்சை விவசாய வாரியத்துக்காக டிஸ்னி ஓவியர்கள் ஒரு சின்ன ஆரஞ்சுக் குருவியை உருவாக்கினார்கள். அடுத்த வருஷம் புளோரிடாவில் திறந்த டிஸ்னி பூங்காவில் பழச்சாறு விற்கிற கடையின் மேல் அந்தக் குருவி உட்கார்ந்திருந்தது. குருவி வடிவ பிளாஸ்டிக் குடுவையில் ஜூஸ் விற்றார்கள். 1980களில் வாரியத்தோடு ஒப்பந்தம் முடிந்ததும் குருவியைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் உடைத்துப் போடவில்லை. அதனால் 2012இல் அதே பழைய பொம்மையைத் துடைத்து, வண்ணம் கொடுத்து, அதே கடைக்கு மேலே மறுபடியும் வைக்க முடிந்தது. ஒரு ஜூஸ் கடையின் பொம்மை திரும்பி வந்ததை ஜனங்கள் திருவிழாவாகக் கொண்டாடினார்கள். குருவியின் குடுவையும் மறுபடி விற்பனைக்கு வந்தது. ஒரு கிடங்கில் இடம் ஒதுக்கி எடுத்து வைத்தார்கள், அவ்வளவுதான். நான் கேட்பதும் பெரும்பாலும் அவ்வளவுதான்.

மலம்புழாவுக்கு இது புதிய பாடம் அல்ல. 1969இல் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் யட்சி சிலையைச் செய்தபோது எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஆடையில்லாத ஒரு பெண் உருவம் பொதுப் பூங்காவில் எதற்கு என்று கேட்டார்கள். இன்றைக்கு யட்சி இல்லாத மலம்புழாவை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. அதே மாதிரி இங்குள்ள பாறைத் தோட்டத்தைச் செய்த நேக் சந்த். அவர் சண்டிகரில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவர். உங்கள் இனம்தான். நகரம் கட்ட இடித்த வீடுகளின் உடைசல்களைப் பொறுக்கி, அனுமதி இல்லாத அரசு நிலத்தில் வருஷக்கணக்காக ரகசியமாகச் சிற்பங்கள் செய்துவந்தார். 1970களின் நடுவில் அதிகாரிகள் அதைக் கண்டுபிடித்தார்கள். சட்டப்படி இடித்திருக்கலாம். இடிக்காமல், அவருக்குச் சம்பளமும் ஆட்களும் கொடுத்து, 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்த முடிவை எடுத்த அதிகாரிகள் இல்லையென்றால் சண்டிகர் தோட்டமும் இல்லை, உடைந்த வளையலும் ஓடும் கொண்டு அவர் மலம்புழாவில் செய்ததும் இல்லை.

யட்சிக்கும் பாறைத் தோட்டத்துக்கும் செய்தவரின் பெயர் இருக்கிறது. அதனால் புதுப்பிக்கும்போது அவற்றை யாரும் தொடமாட்டார்கள், சுற்றிலும் வேலி போட்டுக் காப்பாற்றுவார்கள். கடையின் மடக்குப் பலகைக்கும், ழகரத்தின் வாலுக்கும், சிமெண்ட் முயலுக்கும் பெயர் இல்லை. டெண்டரில் அவை 'பழைய கட்டுமானங்களை அகற்றுதல்' என்ற ஒற்றை வரிக்குள் போய்விடும். என் கவலை முழுவதும் அந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

சரி, எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கச் சொல்கிறேனா என்றால் இல்லை. துருப்பிடித்த தகரம் பிள்ளைகள் கையைக் கிழிக்கும். தொங்கும் ஒயர்களில் தீ பிடிக்கலாம். கடைகளின் முன்னால் வழி குறுகி, விடுமுறை நாளில் தள்ளுமுள்ளு ஆகிறது. இதையெல்லாம் மாற்றத்தான் வேண்டும். ஆனால் புதிய கடையைப் பழைய கடையின் அறிவோடு கட்டலாமே. அந்த மேல் பலகை, கீழ்ப் பலகை ஏற்பாட்டை நல்ல மரத்திலோ துருப்பிடிக்காத தகட்டிலோ செய்யலாம். அரைவட்ட விளிம்பை வைக்கலாம். பிள்ளைகளின் கண் மட்டத்தில் ஒரு வரிசை கொக்கி வைக்கலாம். பலகையை மூன்று எழுத்திலும் கையால் எழுத, இந்தப் பக்கம் இன்னும் தூரிகை பிடிக்கிற பெயிண்டர்களைக் கூப்பிடலாம். கண்ணாடியும் ஸ்டீலுமாக ஒரே மாதிரி அடித்த கடை ஊட்டியிலும் இருக்கும், கொடைக்கானலிலும் இருக்கும், விமான நிலையத்திலும் இருக்கும். அதற்காக ஒருவர் வாளையார் தாண்டி வரவேண்டியதில்லை.

விற்கிற பொருளைப் பற்றியும் பேச வேண்டும். அந்தப் பழைய கடைகளில் எனக்கு வருத்தம் தந்தது ஒன்றுதான்: மலம்புழாவில் வாங்கிய பொருளில் மலம்புழா குறைவு. பெயரை மட்டும் ஒட்டியிருப்பார்கள். இப்போது அது இன்னும் மோசம். எங்கோ கன்டெய்னரில் வந்த பிளாஸ்டிக்தான் எல்லாக் கடையிலும் தொங்குகிறது. ஆனால் இந்த மாவட்டத்தில் என்ன இல்லை? பெருவெம்பாவில் மத்தளமும் செண்டையும் செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. பாலக்காடு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கையடக்க மத்தளம் ஒன்று, தோல் கட்டி, தட்டினால் உண்மையாகவே ஒலிக்கிற மாதிரி செய்து வைத்தால் எந்தப் பிள்ளை விடும்? ஷொர்ணூருக்குப் பக்கத்தில் கூனத்தறையில் தோல்பாவைக் கூத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. பகவதி கோயில்களின் கூத்து மாடத்தில் 21 விளக்கு ஏற்றி, திரைக்குப் பின்னால் நின்று அவர்கள் பாடுவது கம்பராமாயணப் பாட்டு. மலையாள மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் கம்பனைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள். ஆட்டுத் தோலில் துளையிட்ட உள்ளங்கை அளவு அனுமன் ஒன்றை வாங்கிப்போய்ப் பொள்ளாச்சியில் ஒரு பிள்ளை சுவரில் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டிப் பார்க்கட்டும். இரண்டு மொழிக்காரருக்கும் பொதுவான ஞாபகப் பொருள் இதைவிட வேறென்ன இருக்கிறது?

பனை இருக்கிறது. பாலக்காட்டுக் கரிம்பனைக்கு யாரும் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. ஓலையில் கிலுகிலுப்பை, காற்றாடி, சின்னப் பெட்டி, விசிறி. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக் கேரளம் 2020 ஜனவரியிலேயே தடை போட்டது. ஓலைப் பெட்டியில் பனங்கற்கண்டு போட்டுக் கொடுத்தால் தடைக்கும் மரியாதை, பனைத் தொழிலுக்கும் சோறு.

அப்புறம், கண்முன்னால் செய்து தருகிற பொருளுக்கு இருக்கிற மவுசு வேறு எதற்கும் இல்லை. 1962இல் சியாட்டில் உலகக் கண்காட்சியில் ஒரு இயந்திரம் வைத்தார்கள், மோல்டு-ஏ-ராமா என்று பெயர். காசு போட்டால் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு உலோக அச்சுகள் ஒன்றோடொன்று சேரும். உருகிய பிளாஸ்டிக் உள்ளே பாயும். அச்சு பிரிந்ததும் சூடான பொம்மை ஒன்று தட்டில் விழும். சிகாகோவின் மிருகக்காட்சிசாலையிலும் அருங்காட்சியகத்திலும் அந்தப் பழைய இயந்திரங்களை இன்னும் ஓட்டுகிறார்கள். அதே பொம்மையை அலமாரியில் வைத்து விற்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கையில் வாங்கும்போது இருக்கிற அந்தச் சூட்டுக்காகத்தான் வரிசையில் நிற்கிறார்கள். அதே சிகாகோவில் 1893 கண்காட்சியில் நாணயத்தை உருளைகளுக்கு நடுவில் கொடுத்து நசுக்கி, படம் பதித்துத் தந்தார்கள். உலகம் முழுவதும் சுற்றுலாத் தலங்களில் அந்த இயந்திரம் இன்றும் உண்டு. நம் நாட்டில் நாணயத்தைச் சிதைப்பது குற்றம். அதனால் வெறும் செம்புத் தகட்டில் பதிக்கலாம். யட்சியின் கோட்டுருவம், அணையின் மதகு, முயல் தொட்டி. கைப்பிடியைப் பிள்ளையே சுற்றட்டும். மின்சாரம்கூட வேண்டாம்.

கடைக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் கடையைப் பற்றி மட்டும் பேசுவது முறையில்லை. 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 50 வருஷத்துக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது என்று அது சொல்கிறது. அது நகரங்களை மனதில் வைத்து எழுதிய சட்டம். மலம்புழா கிராமப் பஞ்சாயத்து என்பதால் எழுத்துப்படி பொருந்தாமல் போகலாம். ஆனால் அணைக்கு எழுபது வயதாகிவிட்டது. அந்த வாசலில் வியாபாரம் தலைமுறை தாண்டிவிட்டது. சட்டத்தின் எண்ணத்தை நீங்களாக எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. புதிய கடைகளைப் பெரிய ஏலத்தில் விட்டு, ஒரே ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டால், அதன் பிறகு பலகையை எவ்வளவு அழகாக எழுதினாலும் அது சினிமா செட்டிங்தான். முதல் உரிமை இப்போது அங்கே விற்பவர்களுக்குக் கிடைக்க வேண்டும். வாடகை அவர்கள் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். சிரட்டை வேலை செய்பவரும் ஓலை பின்னுபவரும் முறைவைத்து உட்கார நாலைந்து இடம் வாடகையே இல்லாமல் இருக்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒரு பெட்டிக் கடையை அகற்றுவதற்கு முன்னாலும் அதைப் படமெடுத்து, அளவெடுத்து, வரைந்து வைக்கச் சொல்லுங்கள். பாலக்காட்டில் பொறியியல் கல்லூரி இருக்கிறது, ஓவியம் படித்த பிள்ளைகள் ஏராளம் இருக்கிறார்கள், செலவு பெரிதாக வராது. அந்தக் கடைகளின் அமைப்பில் ஒரு கடையையாவது முழுசாக, அதன் பலகையோடு, பூங்காவுக்குள் நிழலான ஓர் இடத்தில் நிறுத்துங்கள். கண்காட்சிப் பொருளாக வேண்டாம், அதில் வியாபாரமும் நடக்கட்டும். சிமெண்ட் மிருகங்களைக் கழற்றினால் உடைக்காமல் கிடங்கில் வையுங்கள். பழைய டிக்கெட்டின் அச்சுக் கட்டை உங்கள் அலுவலக அலமாரியில் எங்காவது கிடக்கலாம். தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கிடைத்தால் அதே டிக்கெட்டை வாரத்தில் ஒரு நாளாவது அச்சடித்துக் கொடுங்கள். மொபைலில் வரும் க்யூஆர் கோடு கட்டச் சித்திரத்தை யாரும் நோட்டுக்குள் ஒட்டி வைப்பதில்லை.

வரைபடத்தை இறுதி செய்வதற்கு முன் ஒரு கூட்டம் வையுங்கள். கடைக்காரர்கள், பெயிண்டர்கள், ரோப்வே ஊழியர்கள், சுற்றுலா வேன் ஓட்டுநர்கள், எங்கள் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோரையும் கூப்பிடுங்கள். எந்த பெஞ்சில் யார் உட்காருகிறார்கள், வெயில் எத்தனை மணிக்கு எந்தக் கடைக்குள் அடிக்கிறது, எந்த இடத்தில் பிள்ளைகள் கையை உதறிக்கொண்டு ஓடுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கூட்டம் மலையாளத்தில் நடந்தாலும் போதும், தமிழில் கேட்பவர்களுக்கு நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுவோம்.

சுற்றுலா முடிந்து வந்த மறுநாள் வகுப்பில் மலம்புழாவை வரையச் சொல்வது என் வழக்கம். அணையை வரைந்தவர்கள் குறைவு. பெரும்பாலான பிள்ளைகள் வரைந்தது கடையைத்தான்: தொங்குகிற காற்றாடிகள், பரணியில் நெல்லிக்காய், முட்டுக் கொடுத்த பலகை. அந்த ஓவியங்களையும் என் அளவு நோட்டுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் கட்டடக் கலைஞர்களுக்கு அவை உபயோகப்படும் என்றால் முழுவதையும் தரத் தயார். தேதி சொல்லுங்கள், நானே அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஓர் ஓவிய ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.